நூற்றில் பதினொன்று

செவல்மேட்டு மில் கிளப்பின் டென்னிஸ் கோர்ட்டில், யாரும் ஆடாத ஓர் ஆட்டத்தின் பந்துத் தடங்கள் முதன்முதலாகத் தென்பட்ட அன்று, மில் சங்கு ஆறு நிமிஷம் தாமதமாக ஊதியது என்பதைத்தான் ஊர் பெரிய செய்தியாகப் பேசியது. தடங்களைப் பார்த்தவர் கிளப் மார்க்கர் சுடலைமுத்து ஒருவர்தான். மார்க்கர் என்றால் செம்மண் தரைக்குத் தண்ணீர் தெளித்து, உருளை ஓட்டி, சுண்ணாம்புக் கோடு போட்டு, ஜோடி கிடைக்காத அதிகாரிக்கு எதிர்ப்பக்கம் நின்று பந்தடித்துக் கொடுக்கிறவர். அந்த அதிகாரியிடம் அலுங்காமல் தோற்றுக் கொடுப்பதும் அந்த வேலையில் சேர்த்தி. முந்தின நாள் சாயங்காலம் அவரே தண்ணீர் தெளித்து, தேங்காய்நார்ப் பாயைக் கயிறு கட்டி இழுத்துத் தரையைச் சமமாக்கி, கதவைப் பூட்டிச் சாவியை மடியில் செருகிக்கொண்டு வீட்டுக்குப் போயிருந்தார். காலையில் வந்து திறந்தால் முந்நூறுக்கு மேல் தடங்கள், காலடி ஒன்றுகூட இல்லை, பந்துத் தடம் மட்டும். அவற்றில் பாதி, இடக்கைக்காரர் அடித்த பந்தின் தடம். பந்து சறுக்கிப் பதிந்த வால் ஒருபக்கமாகச் சாய்ந்திருக்கும், அந்தச் சாய்வைச் சுடலைமுத்து எங்கே பார்த்தாலும் கண்டுபிடிப்பார், ஏனென்றால் அந்தக் கையில் முதல் மட்டையைக் கொடுத்தவர் அவர்தான். அது அவருடைய மகள் பேச்சியம்மாளின் கை. பேச்சி அப்போது துருக்கி நாட்டில் இருந்தாள்.

சுடலைமுத்து பாயை இழுக்காமல் போய் ஞானதிரவியம் சாரைக் கூட்டிவந்தார். சார் மில்லின் பரிசோதனைக்கூடத்தில் நூலை இழுத்து, எத்தனை எடையில் அறுகிறது என்று பார்த்துச் சராசரி எழுதுகிறவர்; இருபத்திரண்டு வருஷம் நூல் அறுவதையே பார்த்துப் பார்த்து, உலகத்தில் எதற்கும் ஓர் எண் உண்டு என்ற முடிவுக்கு வந்துவிட்ட மனிதர். பெண் பார்க்கப் போன இடத்திலும் சராசரி கேட்டார், அதனால்தான் கல்யாணம் ஆகவில்லை என்று ஊரில் ஒரு கேலி உண்டு. தொழிலாக டென்னிஸ் ஆடுகிற ஆண் பெண் அத்தனை பேருக்கும் அவருடைய நீல நோட்டுகளில் ஒரு புள்ளி இருந்தது. பெரிய ஆளை ஜெயித்தால் புள்ளி நிறைய ஏறும், சின்ன ஆளிடம் தோற்றால் நிறைய இறங்கும். இரண்டு பேர் மோதும்போது அந்தப் புள்ளிகளின் வித்தியாசத்தை எடுத்து, யாருக்கு முதல் சர்வீஸ் எத்தனை விழுகிறது, செம்மண்ணில் யார் தேறுவார் என்பதையும் சேர்த்து, நூறு தடவை இவர்கள் ஆடினால் இன்னார் இத்தனை தடவை ஜெயிப்பார் என்று ஓர் எண் சொல்லுவார். முக்கால்வாசி சரியாகத்தான் இருக்கும். பேச்சிக்கும் அதில் ஒரு புள்ளி இருந்தது. கண்ணெதிரே வளர்ந்த பிள்ளையாயிற்றே என்று அரைப்புள்ளிகூட அவர் கூட்டிப் போட்டதில்லை. அதுதான் அவளுக்குத் தான் செய்கிற மரியாதை என்று சொல்லுவார், சொல்லும்போது கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார்.

மறுநாள் துருக்கியில் பேச்சி ஆடித் தோற்றாள். ஆட்டக் கணக்கு இணையத்தில் ஏறியதும் சார் தான் எண்ணி வைத்திருந்ததோடு ஒப்பிட்டுப் பார்த்தார். பேச்சிக்கு விழுந்த சர்வீஸ் அறுபத்து மூன்று, செவல்மேட்டுத் தரையில் சர்வீஸ் கட்டங்களுக்குள் வால் சாய்ந்த தடம் அறுபத்து மூன்று. மற்ற எண்களும் பிசகவில்லை. அதாவது, ஒரு நாள் முந்தியே எங்கள் ஊர்த் தரை அந்த ஆட்டத்தை ஆடி முடித்துவிட்டிருந்தது.

"இது எப்பிடி சார்?" என்று கேட்டார் சுடலைமுத்து.

"எப்பிடின்னு எனக்குத் தெரியாது சுடல. ஆனா எண்ணிக்கை சரியா இருக்கு."

அதற்குமேல் எப்படி என்று ஊரில் யாரும் கேட்கவில்லை, கேட்டு என்ன ஆகப்போகிறது, மழை எப்படிப் பெய்கிறது என்று தெரிந்துகொண்டா நாங்கள் குடை பிடிக்கிறோம். பேச்சிக்கு ஆட்டம் இருந்தால் அதற்கு முந்தின நாள் விடியும்போது தடம் வரும், மறுநாள் அந்த ஆட்டம் அங்கே முடிகிறவரை அதை யாரும் மிதிக்கக்கூடாது, முடிந்த பிறகு சுடலைமுத்து பாயை இழுத்து அழிப்பார், இவ்வளவுதான் ஏற்பாடு. கிளப் செயலாளர் அதைத் தீர்மானமாக எழுதிக் கையெழுத்தும் போட்டார். அதிகாரிகள் கொஞ்ச நாள் முணுமுணுத்துவிட்டு கேரம் போர்டுக்கு மாறினார்கள். ராத்திரி ஷிப்ட் முடிந்து ஆறு மணிக்கு வெளியே வருகிற ஆட்கள் தலையில் பஞ்சுத் தூசியோடு கம்பி வேலியைப் பிடித்துக்கொண்டு நின்று, கோட்டை ஒட்டி ஆழமாக விழுந்த தடம் எத்தனை, நடுவில் சொத்தென்று விழுந்த தடம் எத்தனை என்று பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போனார்கள். ஆழமாக விழுந்தது நல்ல அடி, நடுவில் விழுந்தது நோஞ்சான் அடி என்று நூல் சுற்றுகிற ரீலிங் பிரிவுப் பெண்களுக்குக்கூடத் தெரிந்துவிட்டது. பூக்காரி ஒருத்தி ஒவ்வொரு தடத்திலும் ஒரு பிச்சிப்பூ வைக்கட்டுமா என்று கேட்டபோது, எண்ணிக்கை கெட்டுப்போகும் என்று சார் கையெடுத்துக் கும்பிட்டுத் தடுத்தார். கல்யாணத் தரகர் ஒருவர் மாப்பிள்ளை பெண் இரண்டு பேரின் ஜாதகத்தையும் கொண்டுவந்து நூற்றுக்கு எத்தனை என்று கேட்டார். "இவங்க ரெண்டு பேரும் இதுக்கு முந்தி எத்தன தடவ மோதிருக்காவ?" என்று திருப்பிக் கேட்டு அவரை அனுப்பிவைத்தார் சார்.

தையல்காரருக்கும் முடிதிருத்துகிறவருக்கும் ஒரு தடம் கோட்டுக்கு உள்ளேயா வெளியேயா என்று சண்டை வந்து பேச்சுவார்த்தை நின்றது. அப்போதுதான் சுடலைமுத்து செம்மண் ஆட்டத்தின் சட்டத்தை ஊருக்கு விளக்கினார். சந்தேகம் வந்தால் நடுவர் நாற்காலியிலிருந்து இறங்கிவந்து தடத்தைக் குனிந்து பார்ப்பார். உள்ளங்கையைத் தரைப்பக்கமாகக் கவிழ்த்து நீட்டினால் பந்து உள்ளே, விரலைத் தூக்கினால் வெளியே. அதற்குள் அவசரப்பட்டு யார் காலால் தேய்த்துத் தடத்தை அழிக்கிறானோ, அவன் அந்தப் பாயிண்டை விட்டுக்கொடுத்ததாக அர்த்தம். பேச்சிக்கு ஏழு வயதில் அவர் சொல்லிக்கொடுத்த முதல் சட்டம் அதுதான் என்றார்.

ஊரே சேர்ந்து செய்துகொண்ட சத்தியம் ஒன்றும் உண்டு, பேச்சியிடம் யாரும் சொல்லக்கூடாது. நாளைக்குத் தோற்கப்போகிறாய் என்று தெரிந்துகொண்டு எந்தப் பிள்ளை மட்டையைத் தூக்கும்? இதில் அதிகம் பட்டவள் அவளுடைய அம்மா முப்பிடாதி. ஆட்டத்துக்கு முந்தின நாள் பேச்சி போன் செய்வாள், அதற்கு முன்பே முப்பிடாதி வேலியோரம் நின்று எல்லாவற்றையும் பார்த்துவிட்டு வந்திருப்பாள். தோற்கப்போகிற பிள்ளையிடம், "நல்லா ஆடு தாயி, சாப்ட்டியா, என்ன கொழம்பு வச்ச" என்று கேட்டுவிட்டுப் போனை வைத்துவிட்டு, அடுப்படியில் போய் வாயைச் சேலையால் பொத்திக்கொண்டு அழுவாள். இரண்டு வருஷத்தில் அறுபத்தோரு ஆட்டம், அதில் முப்பத்து நான்கு தடவை முப்பிடாதி அப்படி அழுதிருக்கிறாள். சார் அதையும் எண்ணித்தான் வைத்திருந்தார், அவரை என்ன சொல்ல.

பிறகு பிரான்சு நாட்டுப் பெரிய செம்மண் போட்டி வந்தது. பேச்சி மாதிரி உலக வரிசையில் இருநூறைத் தாண்டிப் பின்னால் நிற்கிறவர்கள் தகுதிச் சுற்றில் மூன்று பேரை ஜெயித்தால்தான் பெரிய பட்டியலுக்குள் போகமுடியும். இதற்கு முன்பு மூன்று தடவை, மூன்று ஊர்களில், மூன்றாவது ஆளிடம் தோற்றுத் திரும்பியிருந்தாள். இந்தத் தடவை இரண்டு பேரை ஜெயித்துவிட்டு அம்மாவுக்குப் போன் செய்தாள்.

"யம்மா, இதுலயும் கடைசிப் படியில விழுந்தேன்னா மட்டைய உறையில போட்டுட்டு வந்துருதேன். இருபத்தேழு ஆவுது. இனும முடியாதும்மா."

மூன்றாவது ஆள் செர்பியாக்காரி, ஆறடிப் பெண். நடுவில் ஒரு நாள் ஓய்வு. சார் கணக்குப் போட்டார். பேச்சிக்கு நூற்றில் பதினொன்று, அந்தப் பெண்ணுக்கு எண்பத்தொன்பது. எழுதிவிட்டு, கிளப் பலகையில் எப்போதும் எழுதுகிற மாதிரி சாக்பீஸால் எழுதியும் வைத்தார்.

ஓய்வு நாள் விடியற்காலையில் தடம் வந்திருந்தது. வேலியைச் சுற்றி ஊர் நின்றது. தடங்களைப் பார்த்ததும் சார் முகத்தில் ஒரு குழப்பம் வந்தது, ஏனென்றால் எல்லாத் தடத்துக்கும் வால் ஒரே பக்கம் சாய்ந்திருந்தது. செர்பியாக்காரியும் இடக்கை. ஆட்டத்தில் பக்கம் மாறி மாறி ஆடுவதால் எந்தப் பக்கத்துத் தடம் யாருடையது என்று சொல்லவும் வழியில்லை. ஆனால் தடங்கள் இரண்டு வகையாகத் தெளிவாகப் பிரிந்திருந்தன. ஒரு வகை கோட்டை முத்தமிடுகிற அளவுக்கு ஆழமாக, மூலைக்கு மூலை, அழுத்தமாக. இன்னொரு வகை நடுவில் தயங்கித் தயங்கி. ஜெயிக்கிறவளுடைய தடங்களும் தோற்கிறவளுடைய தடங்களும் கண்ணுக்கு முன்னால் கிடந்தன, எது யாருடையது என்பது மட்டும்தான் கேள்வி.

சார் நோட்டைத் திறந்து பார்த்தார். எண்பத்தொன்பது, பதினொன்று. திரும்பவும் தரையைப் பார்த்தார்.

"ஆழமா விழுந்ததெல்லாம் அந்தப் பிள்ளயோடது சுடல," என்றார். "நடுவுல கெடக்கது நம்ம பேச்சியோடது."

"நல்லாப் பாத்துச் சொல்லுங்க சார்."

"நானா சொல்லுதேன்? கணக்குல்லா சொல்லுது."

வேலியோரம் நின்ற முப்பிடாதி, "எம்புள்ள மட்டையக் கீழ வச்சிருவாளே," என்றாள், யாரிடம் என்றில்லாமல்.

சுடலைமுத்து கொஞ்ச நேரம் நடுவர் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றார். முப்பது வருஷமாக அடுத்தவர்களிடம் தோற்றுக்கொடுத்துச் சம்பளம் வாங்கின மனிதர், தன் பிள்ளையாவது நிஜமாக ஜெயிக்கட்டும் என்று வளர்த்தவர். என்ன நினைத்தாரோ, விறுவிறுவென்று போய்ச் சுவரோரம் சாய்த்திருந்த தேங்காய்நார்ப் பாயைத் தூக்கிக் கோட்டோரம் போட்டு, கயிற்றைத் தோளில் மாட்டி இழுத்துவிட்டார். ஆட்டத்துக்கு முன்பு யாரும் அந்தத் தரையில் கால் வைத்ததே கிடையாது. ஓர் இழுப்பு, இடது மூலையில் பாயின் அகலத்துக்கு ஒரே ஓர் இழுப்பு, அதற்குள், "எண்ணி முடிக்கல சுடல, எண்ணி முடிக்கல!" என்று சார் கத்த, முப்பிடாதி ஓடிப்போய்ப் பாயின்மேல் உட்கார்ந்துகொண்டாள்.

"என்னய்யா செஞ்சீரு?" என்று கேட்டார் சார்.

"ஆட்டமே இல்லன்னா தோக்க முடியாதுல்லா," என்றார் சுடலைமுத்து. அழுதுகொண்டுதான் சொன்னார். பெற்ற மனசு பதறுகிறபோது எது சரி எது தப்பு என்று யார் நியாயம் சொல்லமுடியும், நாங்களும் சொல்லவில்லை. அழிந்தது மூலையில் ஓர் ஆள் படுக்கிற அளவு இடம்தான், மிச்சமெல்லாம் அப்படியே இருக்கிறதே என்று ஒருவருக்கொருவர் சமாதானம் சொல்லிக்கொண்டு கலைந்தோம்.

மறுநாள் எங்கள் நேரம் மதியம் இரண்டரைக்கு ஆட்டம். நடுவர் நாற்காலியில் ஒரு செல்போனைக் கட்டிவைத்து, கோர்ட்டுக்கு வெளியே ஊர் உட்கார்ந்தது. தோற்கிற ஆட்டம்தான், ஆனாலும் பிள்ளை தனியாகத் தோற்கக்கூடாது என்று வந்திருந்தோம். முதல் பந்திலிருந்தே பேச்சி கோட்டுக்குக் கோடு அடித்தாள். அப்படி அவள் ஆடி நாங்கள் பார்த்ததில்லை, அந்த ஆறடிப் பெண் மூலைக்கு மூலை ஓடி, மூச்சு வாங்கி, எட்டாத பந்தை நடுவில் தள்ளித் தள்ளிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். முதல் செட் ஆறுக்கு இரண்டு, பேச்சிக்கு. ஊர் எழுந்து நின்று கத்தியது. தையல்காரர் ஓடிப்போய் முடிதிருத்துகிறவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். ஒவ்வொரு அடியும் ஆழமாக விழ விழ, பின்னால் தரையில் கிடந்த ஆழமான தடங்கள் யாருடையவை என்று ஒருவருக்குப்பின் ஒருவருக்குப் புரிந்தது, புரிந்தவர்கள் ஒவ்வொருவராகச் சத்தத்தை நிறுத்திவிட்டு, பாய் இழுத்த அந்த மூலையைத் திரும்பிப் பார்த்தார்கள். கொஞ்ச நேரத்தில் செல்போனைப் பார்க்கிற ஆட்கள் குறைந்து, மூலையைப் பார்க்கிற ஆட்கள் அதிகமானார்கள். சுடலைமுத்து போனையே பார்க்கவில்லை.

இரண்டாவது செட் ஐந்துக்கு மூன்று, அதுவும் பேச்சிக்கு. ஜெயிக்க இன்னும் ஒரே ஒரு பாயிண்ட். பேச்சி சர்வீஸ் போட்டாள், எதிரில் இருந்தவள் மட்டையை நீட்டித் தொட்ட பந்து நடுவில் மெல்ல எழும்பி வந்தது, எதிர்ப்பக்கத்து இடது மூலை முழுக்கக் காலியாகக் கிடந்தது, சின்னப்பிள்ளைகூட அங்கே தள்ளிவிடும். பேச்சி காலை எடுத்து முன்னால் வைத்து மட்டையை ஓங்கினாள். முழங்கால் மடங்கியது. அவள் விழுந்த சத்தம் போனில் கேட்டது, பந்து அவளைத் தாண்டி உருண்டு போயிற்று.

எழுந்திருக்கப் பார்த்தாள், மூன்று தடவை பார்த்தாள். பிறகு ஆட்கள் வந்து நாற்காலியில் தூக்கிக்கொண்டு போனார்கள். ஆடமுடியாமல் விலகியதால் தோல்வி என்று திரையில் எழுத்து வந்தது. முப்பிடாதி எழுந்து கோர்ட்டுக்குள் நடந்து, அந்த மூலையில் போய் உட்கார்ந்து, வழுவழுவென்றிருந்த மண்ணைக் கையால் தடவித் தடவிப் பார்த்தாள். அவளைக் கூட்டிவர எங்களில் யாருக்கும் தைரியம் இல்லை.

சாயங்காலம் சார் சுடலைமுத்துவின் வீட்டுக்குப் போனார். அந்த வீட்டில் அவர் உட்கார்ந்துதான் பேசுவார், அன்றைக்கு நின்றுகொண்டே பேசினார்.

"நூத்துல பதினொண்ணுன்னா நடக்காதுன்னு அர்த்தம் இல்ல சுடல. பதினோரு தடவ நடக்கும்னு அர்த்தம். இருவது வருசமா ஊருக்கெல்லாம் நாந்தான் சொல்லுதேன். தரையில கண்ணுமுன்னால எழுதிக் கெடந்துச்சு, நான் நோட்டப் பாத்து வாசிச்சிட்டேன்."

"இழுத்தது நான்லா சார்," என்றார் சுடலைமுத்து.

இரண்டு பேரும் மாறி மாறி அதையே சொல்லிக்கொண்டிருந்தார்கள். விலகினாலும் தோல்வி தோல்விதான், புள்ளி குறைக்கவேண்டும் என்பது சார் வகுத்த விதி. நோட்டைத் திறந்து தேதியை எழுதினார், அதற்குப் பக்கத்தில் ஒன்றும் எழுதவில்லை. அந்த இடம் இன்றைக்கும் காலியாகத்தான் இருக்கிறது.

அதன்பிறகு தடம் வரவில்லை. சுடலைமுத்து தினமும் தண்ணீர் தெளித்தார், ஆனால் பாயைத் தொடவில்லை. அதிகாரிகள் ஆட வந்து, மேடும் பள்ளமுமாகக் கிடந்த தரையைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார்கள்.

சென்னையில் அறுவைச் சிகிச்சை முடிந்து, ஆவணி பிறந்து பேச்சி ஊருக்கு வந்தாள், இரண்டு கக்கத்திலும் ஊன்றுகோல். இனி ஆடமுடியாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். வந்த மறுநாள் காலையிலேயே கோர்ட்டுக்குப் போகவேண்டும் என்றாள். சத்தியம் செய்த ஊர் வாயைத் திறக்காமல் வேலிக்கு வெளியே நின்றது, நாங்கள் யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. சுடலைமுத்துவே மகளைக் கோர்ட்டின் நடுவில் நிறுத்தி, முதல் நாள் தடத்திலிருந்து அந்த ஓர் இழுப்பு வரைக்கும், ஒன்றையும் விடாமல், தலையைக் குனிந்துகொண்டே சொல்லி முடித்தார்.

பேச்சி வேலிக்கு வெளியே நின்ற எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள், அந்த முப்பத்து நான்கு போன்களும் அவள் ஞாபகத்துக்கு வந்திருக்கவேண்டும்.

"தடத்த அழிச்சா பாயிண்ட்ட விட்டுக்கொடுத்த மாதிரின்னு நீதானப்பா சொல்லித் தந்த."

"ஆமா தாயி."

"பெறவு ஏம்ப்பா?"

"நீ தோக்கத பாக்க முடியலம்மா."

"தோக்கது எனக்குப் பழக்கந்தானப்பா," என்றாள் பேச்சி. அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது. ஊன்றுகோல் இருந்ததால் கண்ணைத் துடைக்கக் கை இல்லை, அப்படியே வழியவிட்டாள். அழுது ஓய்ந்த பிறகு கேட்டாள்:

"அந்தக் கடைசிப் பந்து. எங்கப்பா விழுந்திருந்துச்சு?"

சார் வேலிக்கு வெளியே நோட்டைப் புரட்டத் தொடங்கி, அந்த மூலையை எண்ணவே இல்லை என்பது ஞாபகம் வந்து மூடிவிட்டார். ஆனால் சுடலைமுத்துவுக்குத் தெரிந்திருந்தது. பாய் போன இடத்தில் கிடந்தது ஒரே ஒரு தடம்தான், பாயைப் போடும்போது கடைசியாக அவர் கண்ணில் பட்டதும் அதுதான், கோட்டுச் சுண்ணாம்பைக் கொஞ்சம் கிள்ளி எடுத்த மாதிரி இருந்தது. அவர் இடது மூலைக்குப் போய் முழங்கால் போட்டு, மண்ணைக் கையால் அளந்து, ஓர் இடத்தில் விரலை வைத்தார்.

"இங்ஙன."

பேச்சி ஊன்றி ஊன்றி நடந்து வந்தாள். காலையில் தெளித்த ஈரம் இருந்ததால், அவள் வந்த வழி நெடுக ஊன்றுகோலின் ரப்பர் முனை வட்ட வட்டமாகப் பதிந்துகொண்டே வந்தது. அப்பா விரல் வைத்த இடத்தில் வலது கோலைத் தூக்கி, அழுத்தி ஊன்றி, எடுத்தாள். கோட்டில் பாதியும் மண்ணில் பாதியுமாக ஒரு தடம் விழுந்தது.

"பாத்துச் சொல்லுப்பா. உள்ளயா, வெளியவா?"

சுடலைமுத்து குனிந்து பார்த்தார். பிறகு எழுந்து, நடுவரைப் போல நிமிர்ந்து நின்று, உள்ளங்கையைத் தரைப்பக்கமாகக் கவிழ்த்து நீட்டினார். அவள் தலையசைக்கிறவரை கையை அவர் இறக்கவில்லை.